அருங்காட்சியகச் சேகரிப்புகளில் பழைய பூச்சிக்கொல்லி நஞ்சைக் கண்டறிதல்: மதுரை வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள சேகரிப்புகள் பலவகைப்பட்டவை. தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம், அதே வளாகத்தில் 1981-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம், 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கம், மலையேறினால் கொடைக்கானல் செண்பகனூரில் 1895 முதல் இருந்துவரும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எனப் பொது நிறுவனங்கள் ஒருபுறம் இருக்கின்றன. மறுபுறம் கல்லூரி விலங்கியல் துறைகளின் கண்ணாடி அலமாரிகள், பழைய ஜமீன் வீடுகளின் வேட்டைத் தலைகள், மடங்களிலும் தனியார் வீடுகளிலும் உள்ள சுவடிக் கட்டுகள், சௌராஷ்டிரக் குடும்பங்களின் பழம்பட்டுகள் எனக் கணக்கில் வராதவை அதைவிட அதிகம். இவற்றில் எது எந்த நிலையில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் பொருளன்று. கறையானும் அந்துப்பூச்சியும் அரிக்கக்கூடிய எந்தப் பொருளும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அரிபடாமல் இருக்கிறது என்றால், யாரோ எப்போதோ அதற்கு ஏதோ ஒன்றைப் போட்டிருக்கக்கூடும் என்ற ஐயத்தோடு அதை அணுகவேண்டும் என்பதும், அந்த ஐயத்தை எந்த வரிசையில் தீர்த்துக்கொள்வது என்பதுமே இங்கே சொல்லப்படுகின்றன.

எந்த நஞ்சு, எந்தப் பொருளில்

பாடம் செய்யப்பட்ட விலங்குகளிலும் பறவைகளிலும் முதலில் தேடவேண்டியது ஆர்சனிக். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த ழான் பத்தீஸ்த் பெக்கூர் உருவாக்கிய ஆர்சனிக் சோப்பு, தோலின் உட்புறத்தில் பூசப்படும் காப்புப் பொருளாக உலகெங்கும் பரவி, 1980-கள் வரைகூடப் பயன்பட்டது. ஆர்சனிக் ஒரு தனிமம் என்பதால் அது சிதைவதில்லை. நூறாண்டு கழிந்தாலும் பூசிய அளவு அங்கேயே இருக்கும், அல்லது தூளாக உதிர்ந்து அலமாரியின் அடித்தட்டில் இருக்கும்.

செடிகளை உலர்த்தி ஒட்டிவைத்த உலர்தாவரத் தாள்களில் தேடவேண்டியது மெர்க்குரிக் குளோரைடு என்ற பாதரசச் சேர்மம். சித்த மருத்துவத்தில் வீரம் என்று வழங்கும் பாஷாணம் இதுவே. ஆல்கஹாலில் கரைத்துச் செடியை முக்கியெடுப்பதோ தூரிகையால் தடவுவதோ வழக்கமாக இருந்தது. இந்தச் சேர்மம் தாளிலும் செடியிலும் உள்ள கரிமப் பொருள்களோடு வினைபுரிந்து மெல்ல மெல்ல உலோகப் பாதரசமாக மாறி ஆவியாகிறது. ஆகவே இங்கே தொடுவது மட்டுமன்றி, மூடிய அலமாரியைத் திறந்ததும் மூச்சை இழுப்பதும் ஆபத்து.

துணி, கம்பளி, மரம், சுவடி ஆகியவற்றில் பெரும்பாலும் டிடிடி, லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லி அடங்கிய கமாக்ஸின் தூள், அந்துருண்டை ஆகியவற்றின் எச்சங்களே கிடைக்கும். டிடிடியின் பூச்சிக்கொல்லும் தன்மையைப் பால் முல்லர் 1939-இல் கண்டறிந்தார். 1948-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்தியாவில் வேளாண்மைக்கு அது 1989-இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறையில் வீட்டுக் கட்டிலுக்கடியில் தூவியதையே அலமாரியிலும் தூவினார்கள் என்பதில் வியப்பில்லை. புகைமூட்டத்துக்குப் பயன்பட்ட கார்பன் டைசல்பைடு, மெத்தில் புரோமைடு போன்றவை பெரும்பாலும் கலைந்துவிடுபவை. அவற்றைத் தேடிப் பணத்தைச் செலவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

முதற்படி: ஏடுகளையும் ஆட்களையும் கேட்டல்

சோதனைக்கு முன் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. பொருள்களின் வரவுப் பதிவேட்டைவிட, அலுவலகத்தின் கையிருப்புப் பதிவேடும் கொள்முதல் பில்களும் இதில் அதிகம் பேசும். எந்த ஆண்டில் எத்தனை கிலோ தூள் வாங்கப்பட்டது, எந்த அறைக்கு வழங்கப்பட்டது என்பது அவற்றில் இருக்கும். பழைய ஏடுகளில் ரசகற்பூரம் என்று எழுதியிருந்தால் உடனே முடிவுக்கு வரவேண்டாம்: மருந்து நூல் வழக்கில் அது பாதரசச் சேர்மத்தையும், கடைவீதி வழக்கில் அந்துருண்டையையும் குறிக்கும். விலையையும் அளவையும் பார்த்தால் எது என்று பெரும்பாலும் புரிந்துவிடும்.

அடுத்து, ஓய்வுபெற்ற உதவியாளர்களைக் கேட்கவேண்டும். "நஞ்சு போட்டீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "ஐயா, பூச்சிக்கு என்ன மருந்து அடிப்பீர்கள்? டப்பா எப்படி இருக்கும்? தண்ணீரில் கரைப்பீர்களா, அப்படியே தூவுவீர்களா? வாசனை எப்படி?" என்று கேட்டால், ஆண்டையும் மாதத்தையும்கூடச் சிலர் சொல்வார்கள். சொன்னதைச் சொன்னபடியே, சொன்னவரின் பணிக்காலத்தோடு சேர்த்து எழுதிவைக்கவேண்டும். அவர்மீது பழி விழும் என்ற அச்சம் வராதபடி பேசுவதும் இந்த வேலையின் பகுதியே. அந்தக் காலத்தில் அது கடமையாகச் செய்யப்பட்ட பராமரிப்பு.

இரண்டாம் படி: அறையையும் ஆளையும் ஆயத்தம் செய்தல்

மேசைமீது புதிய பாலித்தீன் தாளை விரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் பிறகு அதை உட்புறமாக மடித்து எடுக்கவேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடவேண்டும். சித்திரை, வைகாசியில் மதுரையில் இது எளிதன்று என்பதால், இவ்வேலையை மார்கழி, தை மாதங்களில் காலை நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆடிக்காற்றுக் காலம் முற்றிலும் பொருந்தாது. வெயில் காலத்தைத் தவிர்க்க வேறொரு காரணமும் உண்டு: வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பாதரசத்தின் ஆவியழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பூட்டிக்கிடந்த உலர்தாவர அலமாரியை மே மாதப் பிற்பகலில் திறப்பதைவிட மோசமான நேரம் கிடையாது.

நைட்ரைல் கையுறை, முழுக்கை மேலங்கி, தூளுக்கு என்-95 முகக்கவசம் ஆகியவை கட்டாயம். ஆனால் என்-95 பாதரச ஆவியைத் தடுக்காது. அதற்குப் பாதரசத்துக்கென்றே அமைந்த வடிகலன் பொருத்திய கவசம் வேண்டும். அது இல்லையென்றால் அலமாரியையும் சன்னல்களையும் திறந்துவைத்துவிட்டு வெளியேறி, நெடுநேரம் காற்றோடவிட்டபின் உள்ளே வருவதே வழி. துடைப்பம், இறகுத் துடைப்பான், வீட்டு வேக்குவம் கிளீனர் மூன்றும் தூளை அறை முழுவதும் பரப்புபவை. நுண்தூளைப் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி இல்லையேல் ஈரத்துணி போதும். அறைக்குள் டீயும் வடையும் வரக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம், சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

மூன்றாம் படி: கண்ணால் பார்த்தல்

சாய்வாக ஒளி விழும்படி கைவிளக்கைப் பிடித்துப் பார்க்கவேண்டும். பாடம் செய்த புள்ளிமான் தலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காதின் அடி, கண்ணைச் சுற்றிய விளிம்பு, கழுத்தின் பின்புறத் தையல் ஆகிய மூன்றும் முதலில் பார்க்கவேண்டிய இடங்கள். தோல் உலர்ந்து சுருங்கும்போது தையல் விரிந்து, உள்ளே பூசியது வெண்பொடியாகவோ நுண்படிகமாகவோ மயிரின் வேரில் வந்து அமர்ந்திருக்கும். பறவையாயின் வயிற்றுத் தையல், வாலின் அடி, கால்கள், அது நிற்கும் மரப்பலகை. உலர்தாவரத் தாளில் செடியைச் சுற்றிச் சாம்பல் அல்லது கருமை படர்ந்திருப்பதும், தாளில் நஞ்சிட்டதைக் குறிக்கும் முத்திரை இருப்பதும் அறிகுறிகள்.

வெண்பொடி எல்லாம் ஆர்சனிக் அல்ல. தோல் கொழுப்பு வெளுத்துப் பூத்திருக்கலாம், பூஞ்சணமாக இருக்கலாம், உப்பாக இருக்கலாம். பொடியே இல்லாத பொருளிலும் ஆர்சனிக் இருக்கலாம். ஆகவே கண்பார்வை இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவுமே தவிரத் தீர்ப்புச் சொல்லாது. முகர்ந்து பார்ப்பது கூடவே கூடாது. அறைக்குள் தானாக வரும் அந்துருண்டை வாசனையைக் குறித்துக்கொள்வது வேறு செய்தி.

அலமாரி மூலையில் கிடைக்கும் உருண்டை எது என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. கற்பூரம் தண்ணீரில் மிதக்கும். நாப்தலீன் தண்ணீரில் மூழ்கி, உப்பு கரையுமட்டும் கரைத்த நீரில் மிதக்கும். பாராடைகுளோரோபென்சீன் இரண்டிலும் மூழ்கும். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் இந்த வேலை முடிந்துவிடும்.

நான்காம் படி: எதை, எங்கே, எத்தனை

எல்லாப் பொருளையும் சோதிக்க எந்த நிறுவனத்திடமும் பணம் இருக்காது. எனவே சேகரிப்பைக் குழுக்களாகப் பிரிக்கவேண்டும். பொருளின் வகையை வைத்துப் பிரிப்பதைவிட, யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டுகளில் எந்த அலமாரியில் இருந்தது என்பதை வைத்துப் பிரிப்பது சரி. ஏனென்றால் தூள் தூவியவர் அலமாரிக்குத்தான் தூவினார், பொருளுக்கு அல்ல. ஒவ்வொரு குழுவிலும் பழையதும் அடிக்கடி கையாளப்படுவதுமான சிலவற்றை முதலில் எடுக்கவேண்டும். பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் பொருள் எதுவாயினும் அது வரிசையில் முன்னே நிற்கவேண்டும்.

சுவடிக்கட்டில் மேற்சட்டம், கயிறு, சுற்றிய துணி, முதல் ஏட்டின் ஓரம், நடு ஏட்டின் ஓரம் என ஐந்து இடங்கள் போதும். எழுத்துள்ள பரப்பில் ஈரம் படக்கூடாது. மையிட்ட எழுத்து கலைந்துவிடும். சுவடியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், விரலை நாக்கில் தொட்டு ஏட்டைத் தள்ளுவதும் நம் வழக்கங்கள். அதனால் ஓரங்களில் கிடைக்கும் அளவே உண்மையில் வாய்க்கும் கண்ணுக்கும் போகும் அளவு.

ஒப்பீட்டு மாதிரி இல்லாத சோதனை வீண். ஒவ்வொரு அமர்விலும், எதையும் தொடாத ஒரு பஞ்சுக்குச்சியைப் பிரித்து அப்படியே குப்பியிலிட்டு மூடவேண்டும். அதில் நஞ்சு காட்டினால் கையுறையோ மேசையோ கறைபட்டிருக்கிறது என்று பொருள். அன்றைய முடிவுகள் எல்லாம் தள்ளுபடி.

ஐந்தாம் படி: துளிச் சோதனைகள்

ஆர்சனிக்குக்குக் குடிநீர்ச் சோதனைக்கென விற்கப்படும் பெட்டியே பயன்படுகிறது. வடிகட்டிய நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் தேர்ந்த இடத்தை மெல்ல உருட்டி எடுத்து, குச்சியின் நுனியைச் சோதனைக் குப்பியிலிட்டு, பெட்டியில் உள்ள அமிலப் பொடியையும் துத்தநாகப் பொடியையும் சேர்த்து, பாதரச புரோமைடு தடவிய தாள்பட்டையை மூடியில் பொருத்தி மூடவேண்டும். ஆர்சனிக் இருந்தால் அது ஆர்சீன் வாயுவாக எழுந்து, வெள்ளைத் தாளை மஞ்சளாகவும், அளவு கூடினால் பழுப்பாகவும் மாற்றும். பெட்டியில் குறித்த நேரம் முடியும்வரை திறக்கக்கூடாது. ஆர்சீன் கொடிய நஞ்சு. ஆய்வகத்தில் வாயுவை வெளியே இழுக்கும் புகைபோக்கி அறையிலோ திறந்தவெளியிலோ மட்டுமே இதைச் செய்யவேண்டும். தோலும் மயிரும் கந்தகம் உள்ளவை என்பதால் ஹைட்ரஜன் சல்பைடு எழுந்து பட்டையைக் கருக்கச் செய்து ஏமாற்றலாம். கந்தகத்தைப் பிடிக்கும் அமைப்பு உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

பாதரசத்துக்கு டைஃபீனைல்கார்பசோன் கரைசல். ஈரமான வடிதாளைப் பரப்பில் ஒற்றி எடுத்து, பொருளிலிருந்து தள்ளிவைத்து, அந்தத் தாள்மீது ஒரு துளி விட்டால், பாதரச உப்பு இருக்குமிடம் ஊதாவாக மாறும். குரோமேட் உள்ள நிறமிகளும் இதே நிறத்தைக் காட்டக்கூடும். எந்நிலையிலும் வினைப்பொருளை நேராகப் பொருள்மீது விடக்கூடாது.

செம்புக் கம்பியைச் சூடாக்கிப் பச்சைச் சுடர் வருகிறதா என்று பார்க்கும் குளோரின் சோதனையைப் பலர் பரிந்துரைப்பதுண்டு. பிவிசி உறைக்கும் அது பச்சை காட்டும். டிடிடி தேடுவோருக்கு ஒரு துப்பு என்பதற்குமேல் அதற்கு மதிப்பளிக்கவேண்டியதில்லை.

ஆறாம் படி: எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவி

பொருளைத் தொடாமல், மாதிரி எடுக்காமல், ஓரிரு நிமிடங்களில் ஆர்சனிக், பாதரசம், ஈயம் ஆகியவற்றைக் காட்டும் கையடக்கக் கருவி இது. எக்ஸ்கதிர்க் கருவி என்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டது. பயிற்சி பெற்றவரே இயக்கவேண்டும், முன்னால் யாரும் நிற்கக்கூடாது.

இதே தத்துவத்தில் இயங்கும் கருவி தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்க இருக்கிறதே, அதில் வைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஆனால் பதில் வேண்டாம் என்பதே. அக்கருவிகள் உலோகக் கலவைக்கென அளவுதிருத்தம் செய்யப்பட்டவை. தோலும் தாளும் இலேசான தனிமங்களால் ஆனவை. அவற்றில் அக்கருவி தரும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. தவிர, ஆர்சனிக் உதிரும் இறக்கையை நகை வைக்கும் தட்டில் வைப்பது கடைக்காரருக்குச் செய்யும் நல்ல காரியமும் அன்று.

முறையான கருவியாயினும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்வது தவறு. ஒவ்வொரு தனிமத்தையும் கருவி அதற்குரிய ஆற்றல் அளவுகளில் விழும் கோடுகளாக நிறமாலையில் காட்டுகிறது. ஆர்சனிக்கின் முதன்மைக் கோடு 10.54 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டிலும், ஈயத்தின் முதன்மைக் கோடு 10.55-இலும் விழுகின்றன; கருவியால் இவ்விரண்டையும் பிரித்துக் காணமுடியாது. செந்தூரம் எனப்படும் ஈயச் சிவப்பு பூசிய மர வாகனத்திலோ, பறவையின் கண்ணாடிக் கண்ணிலோ கருவி ஆர்சனிக் இருப்பதாகக் காட்டினால், 11.73-இல் ஆர்சனிக்கின் இரண்டாம் கோடும், 12.6 அருகில் ஈயத்தின் இரண்டாம் கோடும் எப்படி இருக்கின்றன என்று நிறமாலையை விரித்துப் பார்க்கவேண்டும். பாதரசம் 9.99-இல் முதன்மைக் கோட்டையும் 11.8 அருகில் இன்னொன்றையும் காட்டும்; அந்த இரண்டாவது கோடு ஆர்சனிக்கின் இரண்டாம் கோட்டின் பக்கத்திலேயே விழுவதால், பாதரசமும் ஈயமும் சேர்ந்த பொருளில் தீர்ப்பை ஆய்வகத்துக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை.

கருவி தனிமத்தைச் சொல்லுமே தவிர அது ஏன் அங்கே வந்தது என்று சொல்லாது. அரிதாரம் ஆர்சனிக்கின் சல்பைடு, சாதிலிங்கம் பாதரசத்தின் சல்பைடு. இரண்டும் பழைய ஓவியர்களின் வண்ணப்பெட்டியில் இருந்தவை. வண்ணம் தீட்டிய சுவடிச் சட்டத்தில் மஞ்சள் பட்டையில் மட்டும் ஆர்சனிக் காட்டி, பக்கத்து வெறும் மரத்தில் காட்டவில்லையென்றால் அது நிறமி. வெறும் மரத்திலும் துணியிலும் கயிற்றிலும் ஒரேபோலக் காட்டினால் அது தூவப்பட்டது. ஆகவே எப்போதும் வண்ணமுள்ள இடத்தையும் வண்ணமில்லாத இடத்தையும் இணையாக அளக்கவேண்டும். மெல்லிய பொருளாயின் கதிர் ஊடுருவி அடியிலுள்ள இரும்பு அலமாரியின் பெயின்ட்டையும் படிக்கும். கீழே பருமனான சுத்தமான பாலித்தீன் அல்லது அக்ரிலிக் கட்டையை வைத்து, முதலில் அதை மட்டும் அளந்து குறிக்கவேண்டும். ஜரிகை, ஆணி, கம்பி ஆகியவற்றின் அருகில் அளக்கவேண்டாம்.

ஏழாம் படி: ஆய்வகத்துக்கு அனுப்புதல்

டிடிடி, லிண்டேன், நாப்தலீன் போன்ற கரிமச் சேர்மங்களை மேலே சொன்ன கருவி காணாது. அவற்றுக்குச் சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் வாயு நிறப்பிரிகை-நிறை நிறமாலைமானி வேண்டும். துடைத்தால் கெடாத பரப்பில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சட்டம் வைத்து, அதற்குள் மட்டும் துடைத்து, அலுமினியத் தாளில் சுற்றிக் கண்ணாடிக் குப்பியில் அனுப்பினால், முடிவை 100 சதுர செ.மீ.க்கு இத்தனை மைக்ரோகிராம் என்று ஒப்பிடமுடியும். கரைப்பானில் நனைத்துத் துடைப்பது சாயத்தையும் வார்னிஷையும் எடுத்துவிடும். பட்டிலும் ஓவியத்திலும் உலர்ந்த வடிதாளே பாதுகாப்பு. உணவுப்பொருளில் பூச்சிமருந்து பார்க்கும் ஆய்வகங்கள் இதைச் செய்யும் திறனுள்ளவை, ஆனால் அருங்காட்சியக மாதிரியைப் பார்த்துப் பழகியிரா. எந்தச் சேர்மங்களைத் தேடவேண்டும் என்ற பட்டியலை நாமே தரவேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதலே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இயங்கிவருகிறது. மாதிரி எடுப்பதற்கு முன் அங்கே ஆலோசனை கேட்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

எட்டாம் படி: முடிவைப் படித்தலும் எழுதலும்

பணியிடக் காற்றுக்கு வரம்புகள் உண்டு. அமெரிக்கப் பணியிட விதிப்படி கனிம ஆர்சனிக்குக்கு ஒரு கன மீட்டரில் 10 மைக்ரோகிராம், எட்டு மணிநேரச் சராசரியாக. பாதரச ஆவிக்கு அங்குள்ள தொழில்சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைப்பது 25 மைக்ரோகிராம். ஆனால் ஒரு பொருளின் மேற்பரப்பில் இவ்வளவுக்குக் குறைவாக இருந்தால் தொடலாம் என்று எங்கும் ஏற்கப்பட்ட ஒரே அளவு கிடையாது. எனவே, 'பாதுகாப்பானது' என்ற சொல் அறிக்கையில் இடம்பெறக்கூடாது. 'கழுத்துத் தையலில், இந்த நாளில், இந்த முறையில், இந்த அளவுக்குமேல் காணப்படவில்லை' என்று எழுதுவதே நேர்மை.

காணப்பட்ட பொருளின் அட்டையிலும், அலமாரிக் கதவிலும், பதிவேட்டிலும் மூன்றிடத்தும் தமிழில் குறிக்கவேண்டும். துப்புரவுப் பணியாளர் படிக்கும்படி பெரிய எழுத்தில், எந்த இடத்தைத் தொடக்கூடாது என்பதோடு இருக்கவேண்டும். பொருளைத் தனிப் பாலித்தீன் உறையிலிட்டு, மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கலாம். கழுவி எடுக்க முயல்வது பெரும்பாலும் நஞ்சை உள்ளே தள்ளும். அதைப் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடவேண்டும்.

கோயிலுக்கோ குடும்பத்துக்கோ பொருளைத் திருப்பித் தருவதாயின் முடிவை எழுத்தில் தெரிவிப்பது கட்டாயமாகக் கருதப்படவேண்டும். அமெரிக்காவில் பழங்குடியினரின் பொருள்களைத் திருப்பித்தரும் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில் இது இடம்பெற்றது; திரும்பிவந்த சடங்குப் பொருள்களில் ஹோப்பி பழங்குடி மக்கள் ஆர்சனிக்கைக் கண்ட அனுபவம் அங்கே இந்த விழிப்பைக் கூர்மையாக்கியது. அலமாரியில் இருந்தவரை யாரும் தொடாத பொருள், திருவிழாவில் தோளிலும் தலையிலும் ஏறும்.

பயன்படுத்திய பஞ்சு, கையுறை, பாலித்தீன், சோதனைக் கரைசல் எல்லாம் அபாயக் கழிவுகள். மாநகராட்சி வண்டியில் ஏற்றி வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்கு அனுப்பக்கூடாது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனத்திடம், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, ரசீதோடு ஒப்படைக்கவேண்டும்.

நெடுங்காலம் அந்த அலமாரிகளோடு வேலை பார்த்தவர்களுக்கு மருத்துவச் சோதனையும் இம்முயற்சியின் பகுதியே. ஆர்சனிக்குக்குச் சிறுநீரும், பாதரசத்துக்கு இரத்தமும் சிறுநீரும் பார்க்கப்படும். சிறுநீர் கொடுப்பதற்கு முந்தைய நான்கு நாள்கள் மீன், நண்டு, இறால் எதுவும் சாப்பிடக்கூடாது. கடலுணவில் தீங்கற்ற கரிம ஆர்சனிக் நிறைய இருப்பதால் மொத்த அளவு பொய்யாக ஏறிவிடும். கனிம ஆர்சனிக்கைத் தனியே பிரித்துச் சொல்லும் சோதனையையே கேட்டு எழுதி வாங்கவேண்டும்.